எல்லாம், கொஞ்சம், ஒண்டுமில்லை

ஒக்டோபர் 7, திங்கள்

இண்டைக்குத்தான் துவங்கிறன். எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. மகள் எமில்டா ஆஸ்பத்திரிக்குப் போக முதல் இந்த ஃபோனிலை ஒரு படத்தைக் காட்டித் தந்தவள். அதிலை விரலை வைச்சுக் கதைச்சால் அது தன்பாட்டுக்குத் தமிழெழுத்திலை எழுதுமாம். "முதல் திகதியைச் சொல்லுங்கோ அப்பா. பேந்து உங்கடை பாட்டிலை கதையுங்கோ. நான் வந்து வாசிக்கிறன்" எண்டாள். "என்னத்தையடி கதைக்கிறது?" எண்டன். "காலமை என்ன குடிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோவன்."

காலமை தேத்தண்ணி குடிச்சன். பிளேன்ரீ.

என்ரை பெயர் சவிரிமுத்து. ஊர் மன்னார்ப் பக்கம் வங்காலை. இப்ப இருக்கிறது நோர்வேயிலை, பேர்கன் எண்ட ஊரிலை, மகளின்ரை வீட்டிலை. மருமகன் எய்னார் இந்த நாட்டுப் பெடியன். சோத்துக்கு மேலை தக்காளிச் சோஸ் ஊத்திறதைத் தவிர அவனிலை வேறை குறை சொல்ல ஏலாது.

எமிக்குத் தலைக்குள்ளை கட்டி. ரெண்டு வருசத்துக்கு முன்னம் வெட்டி எடுத்தது. திருப்பி வந்திட்டுது. இடப்பக்கம், கதைக்கிற இடத்துக்குக் கிட்ட.

வெளியிலை மழை. இஞ்சை மழை எண்டு சொல்லத் தேவையில்லை.

ஒக்டோபர் 9, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு பஸ் மாறவேணும். பஸ்ஸின்ரை இலக்கத்தை வாசிக்க மாட்டன். ஒண்டு மஞ்சள், மற்றதிலை சாரதி எப்பவும் தாடிக்காரன். இதுவரை பிழைச்சதில்லை.

புதுசாய் ஒரு தாதி வந்திருந்தா. "உங்கடை மகள் என்ன வேலை?" எண்டு கேட்டா. யூனிவசிற்றியிலை படிப்பிக்கிறாள் எண்டன். என்ன பாடம் எண்டு கேட்டா. "எல்லாம், கொஞ்சம், ஒண்டுமில்லை" எண்டன். அவ சிரிச்சா. நான் பகிடி விட்டனாம்.

உண்மை அதுதான். ஐரோப்பாவிலை ஒவ்வொரு பாசைக்காரனும் "எல்லாம்" எண்டதை, "அதிலை கொஞ்சம்" எண்டதை, "ஒருத்தரும் இல்லை" எண்டதை எப்பிடிச் சொல்லுறான் எண்டு தேடுறதுதான் அவளின்ரை வேலை. அதுக்காக எத்தினை நாடு போனவள். போற இடமெல்லாம் ஒரே கேள்வி. மேசையிலை ஒரு பாண் வைச்சு, ஒரு துண்டைத் தின்னச் சொல்லி, இப்ப நீ என்ன செய்தனீ எண்டு கேக்கிறது. "உனக்குச் சம்பளம் தந்து பாணும் தாறாங்களோ?" எண்டு அவளின்ரை தாய் திரேசம்மா உயிரோடை இருக்கேக்கை கேட்டவள்.

பிரெஞ்சுக்காரன் பாண் திண்டன் எண்டு மொட்டையாய்ச் சொல்ல மாட்டானாம். "அந்தப் பாணிலை" எண்டு ஒண்டைச் சேர்த்தால்தான் வசனம் நிக்குமாம். உனக்கு எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டால், "மூண்டு" எண்டு விட ஏலாதாம். "அதிலை மூண்டு" எண்டவேணுமாம். எதிலை எண்டு கேட்டன். "பிள்ளையள் எண்டதிலை அப்பா" எண்டாள்.

தாதியும் அதைத்தான் கேட்டா, எத்தினை பிள்ளையள் எண்டு. மூண்டு எண்டன். மற்ற ரெண்டு பேரும் எங்கை இருக்கினம் எண்டு கேட்டா. பெடியள் ரெண்டும் ஊரிலை சண்டைக்குள்ளை செத்துப்போட்டுதுகள். அதைச் சொல்ல எனக்கு இந்தப் பாசையிலை சொல் போதாது. "அதிலை ஒண்டு" எண்டு எமியைக் காட்டினன்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் போகேல்லை. எமியை வீட்டுக்குக் கூட்டிவந்தவை, பின்னேரம் வரை.

தேத்தண்ணியைக் காட்டிக் "கடல்" எண்டாள். மருந்துக் களைப்பு. சுடுதண்ணியிலை கை வைச்சிட்டுக் குளிருது எண்டாள். நித்திரை காணாது. மற்றப்படி நல்லாய்க் கதைச்சாள்.

நான் வடக்கிலை வார்டோ மீன் பாக்டரியிலை வேலை செய்த காலத்தைக் கேட்டாள். எனக்குத் தெரிஞ்ச நோர்வேஜியம் முழுக்க அங்கை படிச்சது. கொஞ்சம் போடு. இன்னும் கொஞ்சம். கனக்க, நிறையப் போடு. அரைவாசி. எல்லாத்தையும் எடு. ஒண்டையும் விடாதே. மேற்பார்வைக்காரன் வேறை என்னத்தைச் சொல்லப்போறான்? பள்ளிக்கூடத்திலை அவளின்ரை ரீச்சர் என்னைக் கூப்பிட்டு மகளைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டு கேட்டதுக்கு, "கனக்க" எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். எமி அதை இண்டைக்கும் சொல்லிச் சிரிச்சாள்.

எய்னார் கோப்பி கொண்டுவந்தான். அவனைக் கையாலை காட்டிச் சொன்னாள், "பின்லாந்துக்காரனுக்கு முடிஞ்ச வேலைக்குச் சொல்லின்ரை கடைசியிலை ஒரு வால், முடியாத வேலைக்கு வேறை வால், அப்பா. பாண் முழுக்கத் திண்டால் ஒண்டு, அதிலை கொஞ்சம் திண்டால் மற்றது. ஒருத்தனை நேசிக்கிறன் எண்டு சொல்லேக்கை எப்பவும் அந்தக் கொஞ்சத்தின்ரை வால்தான் போடவேணும். எப்பவும்."

"ஏன், முழுக்க நேசிக்க மாட்டினமோ?"

"அது முடியிற வேலை இல்லையாம்."

பிறகு என்னவோ சொல்ல வாயெடுத்தாள். வரேல்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள், சொல் அங்கை இருக்கும் எண்ட மாதிரி.

ஒக்டோபர் 15, செவ்வாய்

இண்டைக்குச் சோதினை. கதைக்கப் பயிற்சி குடுக்கிற ரீச்சர் றக்னில்ட் வந்தா. நெடுத்த மனிசி, சப்பாத்து எப்பவும் ஈரம். ஒரு தட்டும், சிவப்பும் வெள்ளையுமாய்க் கொஞ்சப் பொத்தானும் மேசையிலை வைச்சா.

"எல்லாப் பொத்தானையும் தட்டிலை போடுங்கோ."

பாக்டரிப் பாசை. எனக்கே விளங்கினது. எமி சன்னலைப் பார்த்தாள். பொத்தானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்கு முழங்காலிலை கையை வைச்சுக்கொண்டு இருக்கிற பழக்கம். கை விரிஞ்சு கிடந்தது. பிள்ளை எல்லாப் பொத்தானையும் அள்ளித் தட்டிலை போட்டாள்.

"வெள்ளைப் பொத்தானிலை சிலதை மட்டும் எடுங்கோ" எண்டா. எடுத்தாள். "சிவப்பிலை ஒண்டையும் தொடாதேங்கோ" எண்டா. தொடேல்லை. கடைசி வரை ஒண்டும் பிழைக்கேல்லை. றக்னில்டுக்கு நல்ல சந்தோசம்.

இதிலை பாஸ் பண்ணினால் ஒப்பரேசன் செய்வினம். எய்னார் ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் எனக்குத் தெரியும். பாக்டரியிலையும் முதல் எங்கடை கண்ணையும் கையையும் சோதிச்சுப் பார்த்துத்தான் கத்தி தந்தவை.

பஸ்ஸிலை வரேக்கை சம்பந்தமில்லாமல் ஒண்டு நினைவு வந்தது. ஊரிலை கரைவலைக்குப் போகாமல் வள்ளத்திலை போற நாளையிலை, கரை தெரிஞ்சவுடனை வள்ளத்தின்ரை முன்பக்கம், அணியத்திலை நிக்கிறவன் கையைத் தூக்குவான். காத்துக்குக் குரல் கேக்காது. கை விரிச்சால் வள்ளம் நிறைய, கடகம் கூடை எல்லாத்தையும் கொண்டுவா. ரெண்டு விரலெண்டால் கொஞ்சம். பொத்தின கையெண்டால் ஒண்டுமில்லை. திரேசம்மாவுக்குக் கண் தூரத்துக்குத் தெரியாது. எமிதான் கரையிலை நிண்டு என்ரை கையைப் பார்த்துத் தாய்க்குச் சொல்லுவாள். ஐஞ்சு வயசு. ஒருநாளும் பிழைச்சதில்லை.

ஏன் நினைவு வந்ததோ தெரியாது.

ஒக்டோபர் 16, புதன்

பெனடிக்ற் வார்டோவிலையிருந்து ஃபோன் எடுத்தவன். என்னோடை பாக்டரியிலை ஒரே மேசையிலை மீன் வெட்டினவன், அங்கையே தங்கிட்டான்.

"டேய் சவிரி, ஃபோனுக்குக் கதை சொல்லுறியாம். எய்னார் சொன்னான். என்னோடை கதைக்கத்தான் உனக்கு வாய் நோகுதோ?"

"அது திருப்பிக் கதைக்காது. அதுதான் விருப்பம்."

"பிள்ளை எப்பிடியடா?"

"திறம். சோதினையிலை ஒண்டும் பிழைக்கேல்லை. எல்லாம் சரி."

"நல்லது மச்சான். ஆனால் போன கிழமை நான் அவளோடை கதைக்கேக்கை..."

சோறு அடிப்பிடிக்குது எண்டு சொல்லி வைச்சிட்டன். அடிப்பிடிக்கவும் இல்லை.

ஒக்டோபர் 18, வெள்ளி

ரெண்டாம் சோதினை. படங்கள். "எல்லாப் பெண்களும் குடை பிடிச்சிருக்கிற படம் எது?" "ஒருத்தரும் குடை பிடிக்காத படம் எது?" எல்லாம் சரி.

அறைக்கு வெளியிலை நடையிலை எய்னார் கேட்டான். "அப்பா, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை அவளுக்குக் கரண்டி எது, முள்ளுக்கரண்டி எது எண்டு தெரியேல்லை. இஞ்சை எல்லாம் தெரியுது. எப்பிடி?"

"ஆஸ்பத்திரியிலை வெளிச்சம் கூட" எண்டன்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

டொக்டர் எங்களை இருத்திக் கதைச்சா. எய்னார் எனக்காக ஒவ்வொரு வசனத்தையும் மெல்ல, லேசான நோர்வேஜியத்திலை திருப்பிச் சொன்னான்.

ஒப்பரேசன் செய்தால் ஒரு வருசம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். ஆனால் பேச்சுப் போயிடும். அரைவாசி இல்லை, எல்லாக் கதையும். மற்றவை சொல்லுறது விளங்கிறதும் கனக்கப் போயிடும். செய்யாட்டிக் கிறிஸ்மஸ் வரைதான். கதை இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

"அப்ப ஒப்பரேசன்" எண்டன். எய்னாரும் அதைத்தான் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை.

டொக்டர் தலையாட்டினா, ஓம் எண்டு இல்லை. "இதை எமில்டா தீர்மானிக்கவேணும். அவவுக்கு விளங்காட்டி நாங்கள் உங்கள் ரெண்டு பேரையும் கேட்டு முடிவெடுத்திருப்பம். ஆனால் அவவுக்கு விளங்குது எண்டு றக்னில்ட் சோதிச்சுப் பார்த்துச் சொல்லியிருக்கிறா."

சோதினை அதுக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. சொன்னவையோ தெரியாது, சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது.

பரவாயில்லை. பிள்ளை ஓம் எண்டுதான் சொல்லுவாள். கதைக்காட்டி என்ன? கதைக்காத பிள்ளையை நான் பார்ப்பன். பிறந்து ஒரு வருசம் கதைக்காமல்தானே கிடந்தவள், பார்க்கேல்லையோ?

ஒக்டோபர் 24, வியாழன்

டொக்டர், றக்னில்ட், எய்னார், நான். கட்டிலிலை எமி. டொக்டர் ரெண்டு படம் கொண்டுவந்தா. ஒண்டிலை தலையிலை கட்டுப் போட்ட ஆள், பக்கத்திலை கன நாள் காட்டிற கலண்டர், வாய்க்கு மேலை ஒரு கோடு. மற்றதிலை வீடு, சின்னக் கலண்டர், வாய் திறந்த ஆள். மெல்ல, ஒவ்வொரு சொல்லாய்க் கேட்டா.

எமி என்னைப் பார்த்தாள்.

கை விரிஞ்சது. இந்தமுறை தன்பாட்டிலை விரியேல்லை. நான்தான் விரிச்சன். அணியத்திலை நிக்கிறவன் மாதிரி, எல்லாருக்கும் தெரியத் தூக்காட்டியும், அவளுக்குத் தெரியத் தூக்கினன். எல்லாத்தையும் எடு பிள்ளை. வருசத்தை எடு.

அவள் கன நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கிட்ட வரச் சொல்லித் தலையை ஆட்டினாள். போனன். என்ரை கையைப் பிடிச்சு விரலை ஒவ்வொண்டாய் மடக்கினாள். பெருவிரலை மேலை வைச்சுப் பொத்தினாள். பொத்தின கையைத் தன்ரை நெஞ்சோடை வைச்சுக்கொண்டு, மற்றக் கையாலை வீட்டுப் படத்தைத் தொட்டாள்.

"நெய்" எண்டாள் டொக்டருக்கு. இல்லை எண்டதுக்கு அவையின்ரை சொல்.

எய்னார் வெளியிலை போனான்.

ஒக்டோபர் 25, வெள்ளி

மழை.

ஒக்டோபர் 27, ஞாயிறு

எய்னார் குசினியிலை கோப்பையைக் கழுவிக்கொண்டு, திரும்பாமல் கேட்டான். "அப்பா, அவளுக்கு விளங்கித்தான் சொன்னவளோ? உங்களுக்கு அவளை என்னைவிடத் தெரியும். விளங்கேல்லை எண்டால் சொல்லுங்கோ. சொன்னால் டொக்டர் திருப்பி யோசிப்பா."

கழுவின கோப்பையையே திருப்பித் திருப்பிக் கழுவினான்.

எனக்கு அப்பதான் விளங்கினது. நான் ஒரு வார்த்தை சொன்னால் காணும். பொத்தானும் படமும் அவள் செய்யேல்லை, என்ரை கைதான் செய்தது எண்டு. அப்ப அவளின்ரை "இல்லை"யும் செல்லாமல் போயிடும். ஒப்பரேசன் நடக்கும். வருசம் கிடைக்கும்.

"தெரியாது தம்பி" எண்டன்.

தெரியும். பொத்தானிலை அவள் என்ரை கையைக் கேட்டு நடந்தவள். இதிலை என்ரை கையைக் கேக்கேல்லை, மடக்கினவள். அதைவிட வடிவாய் விளங்கினவை ஆர் இருக்கப்போகினம்?

நவம்பர் 2, சனி

மரிச்ச ஆத்துமாக்களின்ரை நாள். சேமக்காலைக்குப் போய்த் திரேசம்மாவின்ரை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்தினன். காத்துக்கு நிக்கேல்லை. திருப்பிக் கொளுத்தினன். "நீ என்ன சொல்லுறாய்?" எண்டு கேட்டன். அவள் இருந்திருந்தால் என்ரை கையைத் தட்டிவிட்டிருப்பாள், முதல் சோதினையிலையே.

பக்கத்துக் குழியிலை ஒரு கிழவி பூ நட்டுக்கொண்டிருந்தா. என்ரை திரி அணைஞ்சதைப் பார்த்துத் தன்னட்டை இருந்த கண்ணாடிக் கூடு ஒண்டைத் தந்தா. நன்றி சொன்னன். கனக்க நன்றி எண்டு.

நவம்பர் 5, செவ்வாய்

றக்னில்டிட்டைப் போனன். தனிய. அவவின்ரை அறைக் கதவிலை பெயர் எழுதியிருக்கும், எனக்குக் கதவிலை ஒட்டியிருக்கிற வாத்துப் படம்தான் அடையாளம்.

சொல் தேடித் தேடிச் சொன்னன். கையையும் காட்டினன். விரிச்சது எல்லாம், ரெண்டு விரல் கொஞ்சம், பொத்தினது ஒண்டுமில்லை.

அவ கன நேரம் என்ரை கையையே பார்த்தா. "எல்லாக் கேள்விக்குமோ, சிலதுக்கோ?"

"எல்லாத்துக்கும்."

கோவிக்கேல்லை. தன்ரை நெத்தியைத் தடவினா. "நான் உங்களைப் பார்த்திருக்கவேணும். அவவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன். அது என்ரை பிழை" எண்டா. பிறகு கேட்டா, "ஏன் இப்ப வந்து சொல்லுறியள்?"

"உண்மையைச் சொல்லவேணும்."

அது உண்மையிலை கொஞ்சம்தான். டொக்டர் படம் காட்டின அண்டு எமி மாட்டன் எண்டுதான் என்ரை விரலை மடக்கினவள் எண்டதை நான் சொல்லேல்லை.

"திருப்பிச் சோதிக்கவேணும்" எண்டா. "நீங்கள் இல்லாமல்."

வரேக்கை தாடிக்காரன்ரை பஸ்ஸை விட்டிட்டு வேறை ஒண்டிலை ஏறிட்டன். எங்கையோ துறைமுகத்திலை இறக்கிவிட்டவை. நனைஞ்சுபோனன்.

நவம்பர் 7, வியாழன்

நடையிலை இருந்தன். உள்ளுக்குச் சோதினை, கதவு பூட்டு.

எய்னாருக்கும் இப்ப எல்லாம் தெரியும். றக்னில்ட் சொன்னவ. பக்கத்திலை வந்து இருந்தான். கோவிப்பான் எண்டு நினைச்சன். "நன்றி அப்பா" எண்டான். அதைவிட அவன் எனக்கு அடிச்சிருக்கலாம்.

நவம்பர் 13, புதன்

முடிவு சொன்னவை.

பொத்தானிலை கனக்கப் பிழை. எல்லாம் எண்டால் ஒண்டை எடுக்கிறாள். ஒண்டும் வேண்டாம் எண்டால் எல்லாத்தையும் எடுக்கிறாள். ஐரோப்பா முழுக்க அலைஞ்சு அதையே படிச்ச பிள்ளை.

அதைக் கேக்கேக்கை, மாதா என்னை மன்னிக்கவேணும், எனக்குச் சந்தோசமாய் இருந்தது.

பிறகு டொக்டர் சொன்னா. அந்த ரெண்டு படத்தையும் வேறை வேறை நாளிலை, வேறை வேறை ஆக்கள் காட்டிக் கேட்டவையாம். இடம் மாத்தி வைச்சுக் கேட்டவையாம். வேறை ஆள் கீறின படத்தாலும் கேட்டவையாம். ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூட்டிவந்து தமிழிலும் கேட்டவையாம். ஒவ்வொரு தரமும் வீட்டைத்தான் தொட்டவள். ஒருக்கால் ஒப்பரேசன் படத்தை எடுத்துக் கட்டிலுக்குக் கீழை போட்டவளாம்.

"பொத்தான் விளங்கேல்லை" எண்டா றக்னில்ட். "இது விளங்குது."

எய்னார் என்ரை தோளிலை தலையை வைச்சான். அவன் என்னைவிட ஒரு முழம் உயரம், குனிஞ்சுதான் வைச்சவன்.

நவம்பர் 15, வெள்ளி

எமியை வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. முன்னறையிலை கட்டில் போட்டிருக்கு. கணவாய்க் கறி கேட்டாள். உறைப்புக் காணாதாம். என்னைத் திட்டிப் பேசினாள். நல்ல வடிவாய்ப் பேசினாள்.

நவம்பர் 20, புதன்

நோர்வேஜியம் விட்டிட்டுப் போகுது. பிரெஞ்சும் இத்தாலியனும் எப்ப போனது எண்டு தெரியாது, இஞ்சை அதைக் கேக்க ஆளில்லை. தமிழ் நிக்குது.

எய்னாருக்குத் தமிழ் தெரியாது. அவள் சொல்ல, நான் அவனுக்குச் சொல்லவேணும். சன்னலைத் திறக்கட்டாம். பூனையை உள்ளுக்கு விடட்டாம். நீ தாடியை வழிக்கவேணுமாம்.

நவம்பர் 24, ஞாயிறு

இண்டைக்கு எமி எய்னாரின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கன நேரம் கதைச்சாள். தான் நோர்வேஜியத்திலை கதைக்கிறன் எண்ட நினைப்பு. வந்தது எல்லாம் தமிழ். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்காது, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு அழுதான்.

பெண்சாதி புருசனுக்குச் சொல்லுற கதை. தகப்பன் கேக்கக் கூடாத கதையும் அதிலை இருந்தது. எழும்பிப் போகப் பார்த்தன். எய்னார் விடேல்லை. "அப்பா, என்ன சொல்லுறாள்? சொல்லுங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ."

என்னட்டை இருக்கிறது மீன் வெட்டின பாசை. எப்பிடிச் சொல்லுறது? முதன்முதல் சந்திச்ச அண்டு நீ பிழையான ரெயினிலை ஏறினது எனக்காகத்தான் எண்டு எனக்கு அப்பவே தெரியும் எண்டாள். அதைச் சொன்னன். உன்ரை கழுத்துப் பக்கத்து மணம் எண்டாள். அதையும் சொன்னன், சுவரைப் பார்த்துக்கொண்டு. பிறகு அவள் சொன்னதுக்கு எனக்குச் சொல்லே இல்லை. "கனக்க" எண்டன். "இன்னும் கனக்க." அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம்" எண்டன். "நீ, எல்லாம்."

"அவ்வளவுதானோ?" எண்டு எமி என்னைக் கேட்டாள், தமிழிலை. "நான் எவ்வளவு சொன்னனான்!"

சிரிச்சம். மூண்டு பேரும். எய்னார் எதுக்குச் சிரிச்சவன் எண்டு அவனுக்கே தெரியாது.

டிசம்பர் 1, ஞாயிறு

பெனடிக்ற் வடக்கிலையிருந்து வந்து நிண்டிட்டுப் போனான். கருவாடு கொண்டுவந்தவன். எமிக்குப் பக்கத்திலை இருந்து பழைய பகிடி எல்லாம் சொன்னான், நான் பாக்டரியிலை குளிருக்கு மேலதிகாரியின்ரை தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த கதை. "தொப்பி" எண்டாள் எமி. அது இண்டைக்கு அவள் சொன்ன ஒரே சொல்.

டிசம்பர் 6, வெள்ளி

இண்டைக்கு "அப்பா" எண்டாள். ஓம் எண்டன். வேறை ஒண்டும் இல்லை, கூப்பிட்டுத்தான் பார்த்தவள்.

டிசம்பர் 10, செவ்வாய்

நித்திரை. பஞ்சைத் தண்ணியிலை நனைச்சு வாயிலை வைக்கிறம். ஒருக்கால் எய்னார், ஒருக்கால் நான்.

டிசம்பர் 13, வெள்ளி

காலமை எமில்டா போயிட்டாள். எய்னார் சவரம் செய்துகொண்டிருந்தான்.

டிசம்பர் 19, வியாழன்

நேற்று அடக்கம். திரேசம்மாவுக்குப் பக்கத்திலை இடம் இல்லை, ரெண்டு வரிசை தள்ளி. யூனிவசிற்றி ஆக்கள் கனபேர் வந்தவை. எத்தினையோ பாசையிலை அனுதாபம் சொன்னவை, எனக்கு எல்லாம் ஒரு மாதிரித்தான் கேட்டது.

இண்டைக்குக் காலமை சாப்பாட்டு மேசையிலை எய்னார் எனக்கு முன்னாலை இருந்தான். பாணை எடுத்தான், வைச்சான்.

"அப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

சொல்லு எண்டன்.

"ஓகஸ்ட்டிலை, கட்டி திரும்ப வந்ததெண்டு தெரிஞ்ச கிழமை, நாங்கள் படகிலை தீவுக்குப் போனனாங்கள். அப்ப அவளுக்குக் கதை வடிவாய் இருந்தது. திருப்பி வெட்ட விடாதே எண்டு சொன்னவள். என்னட்டைச் சத்தியம் வாங்கினவள். நான் ஓம் எண்டனான்."

பாணை அவன்ரை பக்கம் தள்ளி வைச்சன்.

"பிறகு டொக்டருக்கு முன்னாலை ஒப்பரேசன் எண்டு சொன்னன். அவள் சொன்னதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சோதினையிலை அவள் தோற்கவேணும் எண்டுதான் நடையிலை இருந்து வேண்டினனான். நீங்கள் போய் உண்மையைச் சொன்ன அண்டு நான் நன்றி சொன்னது அதுக்குத்தான்."

"எனக்கேன் சொல்லேல்லை? அப்பவே, ஓகஸ்ட்டிலை?"

"சொல்ல வேண்டாம் எண்டவள்."

"என்னெண்டு சொன்னவள்? அவள் சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான் திருப்பிச் சொல்லச் சொன்னன், சொல் ஒண்டும் தவறக் கூடாதெண்டு. திருப்பிச் சொன்னான்.

"அப்பாட்டைக் கேக்காதே. என்னிலை எவ்வளவு மிஞ்சினாலும் அவருக்குக் காணும்."

தெருவிலை பனி தள்ளுற வாகனம் போனது. எய்னார் கேட்டான், "கோவமோ?"

கோவம் இல்லை. அவள் சொன்னது சரி. கதை இல்லாமல் கிடந்திருந்தாலும் எனக்குப் போதும், காணும். ஆளைத் தெரியாமல் போயிருந்தாலும் காணும். மூச்சு மட்டும் வந்து போனாலும் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்திருப்பன். அதைத்தான் அவள் எனக்குத் தர மாட்டன் எண்டவள்.

"உனக்குக் காணுமோ?" எண்டு கேட்டன்.

எய்னார் கையாலை முகத்தைப் பொத்தினான்.

"எனக்கும்" எண்டான்.